உத்தரவாதம் செல்லாது

பெற்ற மகளை ஓர் இரவு கூடுதலாக வீட்டில் தங்கவைக்க ஒரு கார் பேட்டரி செலவாகும். கொள்முதல் விலையில் பார்த்தால் அதுகூட ஆகாது. இதைப்போலப் பத்து மடங்கு செலவழித்தும் மகள் முகம் பார்க்காத தாய்மார்கள் ஊரில் இருக்கிறார்கள், ஐயா. நான் மலிவாகவே முடித்தேன்.

நேற்று நீங்கள் பேட்டரி கம்பெனியிலிருந்து சோதனைக்கென்று என் கடைக்கும், அப்படியே வீட்டுக்கும் வந்தீர்கள். என் மகளின் கார் பேட்டரி ஐந்தே மாதத்தில் செத்துக் கிடப்பதைப் பார்த்து, "இந்தக் காலத்து வண்டியே இப்படித்தாம்மா" என்று பழியை வண்டி தலையில் போட்டீர்கள். உத்தரவாதப்படி புதுப் பேட்டரி இலவசமாகத் தரச் சொல்லி எழுதப் போவதாகவும் சொன்னீர்கள். அவசரப்படாதீர்கள். வண்டி பாவம். அதன் மேல் தப்பில்லை.

நான் பாத்திரக்கடைக்காரர் மகள். எங்கள் வீட்டில் குழந்தை முதலில் "அம்மா" என்று சொல்லாது, "கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்றுதான் சொல்லும். பேரத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வந்த ஆளைப் படியிறங்க விடக்கூடாது. என் கணவர் போன பிறகு பேட்டரிக் கடை என் கைக்கு வந்தது; வீடு முழுக்க நான் ஒருத்தி.

மகளுக்குக் கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளை பல் டாக்டர். பல்லைப் பிடுங்கும் முன் பல்லிடமே மன்னிப்புக் கேட்கிற ரகம். இரண்டு மணி நேரத் தொலைவில் குடியிருந்தார்கள். மாதம் ஒருமுறை வருவார்கள். சனிக்கிழமை செருப்பைக் கழற்றும்போதே, ஞாயிறு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்ற பேச்சு ஆரம்பித்துவிடும்.

பொத்தானை அழுத்திக் கிளப்புகிற வண்டி அது. சாவி பக்கத்தில் இருந்தால் அதற்குத் தூக்கம் வராது. எஜமான் வந்துவிட்டார் என்று விழித்துக்கொண்டே இருக்கும். பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். சாவியை வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள் என்பதுதான் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்திமதி. மாப்பிள்ளைக்கும் சொல்லியிருந்தேன். அவரும் சமர்த்தாக மாடியறை மேசையில்தான் வைப்பார். நான் அதை எடுத்து, கார் நிற்கும் கொட்டகையை ஒட்டிய சுவரில், கொக்கியில் மாட்டிவிடுவேன். அவ்வளவுதான். சாவியும் வண்டியும் புதிதாகக் கல்யாணமானவர்கள் மாதிரி விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கும். வண்டியில் ஒரு திருகாணியைக்கூட நான் தொட்டதில்லை.

முதல் தடவை வண்டி கிளம்பாதபோது சிரித்துக்கொண்டே ஒருநாள் கூடுதலாகத் தங்கினார்கள். மகள் என் கட்டிலிலேயே படுத்து, கல்லூரி நாட்களைப்போலப் போர்வை முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவை மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "அத்தை, சாவிய நான் மாடிலதானே வெச்சேன்?"

"கொக்கியிலதான் மாட்டுனீங்க மாப்பிள்ளை. அசதில மறந்திருப்பீங்க."

என்னிடமும் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து அவருக்குத் தன் ஞாபகத்தின் மேலேயே சந்தேகம். கிளினிக்கைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போவாராம். மகள் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அப்புறம் சிரிக்காமல் சொன்னாள்.

வண்டியோடு வந்த பேட்டரி இப்படியே தேய்ந்து ஒன்றரை வருடத்தில் போயிற்று. மாமியார் கடை இருக்க வெளியில் வாங்குவாரா? நானே அன்பளிப்பாக ஒன்று போட்டுக் கொடுத்தேன். சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் வண்டிக்குத் தனி வகைப் பேட்டரி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் போட்டது சாதாரண வகை, அதுவும் அலமாரியில் வெகுநாள் உட்கார்ந்திருந்த சரக்கு. மேலே ஒட்டிய தாள் மட்டும்தான் சரியான வகையுடையது. நேற்று நீங்கள் படித்தது அந்தத் தாளைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வெளிநாட்டு அலுவலகத்தில் வேலை கூடிவந்தது. திங்கட்கிழமை காலை நேரில் கடைசி நேர்காணல். அது முடிந்தால் கடல் தாண்டிப் போய்விடுவாள். வருடத்துக்கு ஒரு தடவை வருவாள். மூட்டுவலி என்று சொல்லி அந்த வாரம் வரவழைத்தேன். மூட்டுவலி பொய்யில்லை, எப்போதும் இருப்பதுதான்.

ஞாயிறு சாயங்காலம் வண்டி கிளம்பவில்லை. மாப்பிள்ளை வாடகைக் கார் கூப்பிடலாம் என்றார். பேட்டரிக்காரி வாசலில் வாடகைக் கார் வந்து நின்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்றேன். விடிந்ததும் கடையிலிருந்து வேறொரு பேட்டரியைக் கொண்டுவந்து, கம்பி கொடுத்து வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

"சிக்னல்ல அணைஞ்சா திரும்பக் கிளம்பிடுமா அத்தை?"

"ஜம்முனு கிளம்பும்" என்றேன்.

பாலத்தின் மேல் சிவப்பு விளக்குக்கு நின்ற வண்டி பச்சைக்குக் கிளம்பவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் நல்ல கவனக்காரர். இடித்தது பின்விளக்கோடு போயிற்று. வேலை அன்று நேரத்துக்குப் போன வேறொருவருக்குக் கிடைத்தது.

மகள் மாப்பிள்ளையைத்தான் கேட்டாள். ஒரு பேட்டரியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர் தன்னை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று. அவர் வழக்கம்போல மன்னிப்புக் கேட்டார். அவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை. இரண்டு பெட்டிகளோடு அதே காரில் வந்து இறங்கினாள். அதன் பிறகு அந்தக் கார் கொட்டகையை விட்டு நகரவில்லை.

இப்போது கடையில் என் எதிரில்தான் உட்காருகிறாள். சும்மா இருக்கும் நேரத்தில் உங்கள் கம்பெனி விளக்கப் புத்தகங்களைப் படித்தாள். சரக்கைச் சரிபார்த்துப் பழகிய கண் அல்லவா. போன மாதம் ஒருநாள் காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பேட்டரியையே பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். சண்டை போடவில்லை. அன்றிலிருந்து என்னை "முதலாளி" என்கிறாள். கடையில் என்றால் சரி. சாப்பாட்டு மேசையிலும் "முதலாளி, உப்பு" என்கிறாள். எங்கள் பரம்பரைக் கேலி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

உங்களுக்குப் புகார் எழுதியவளும் அவள்தான். இலவசமாக வருவதை எதற்கு விடவேண்டும் என்று நினைத்திருப்பாள், வியாபாரி வீட்டுப் பெண். வண்டியைக் கிளப்பிக்கொண்டு எங்கேயாவது போய்விடலாம் என்று நினைக்கிறவள் இல்லை. பெட்டிகளை இன்னும் பிரிக்காதது வெறும் சோம்பல்.

இருந்தாலும் முன்ஜாக்கிரதை நல்லது. பொருந்தாத பேட்டரியைத் தெரிந்தே பொருத்தினால் உத்தரவாதம் செல்லாது என்பது உங்கள் விதி. தெரிந்தே பொருத்தியது நான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். மாற்றுப் பேட்டரி தரவேண்டாம். தண்டனைக்கு வேண்டுமானால் என் ஏஜென்சியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கையும் முடித்துவிடுகிறேன். போனது: பேட்டரி இரண்டு, பின்விளக்கு ஒன்று, மகளின் வேலை, மாப்பிள்ளை. வந்தது: மகள். வரவேண்டியது: "அம்மா" என்று ஒரு வார்த்தை.

அதுவும் வசூலாகிவிடும், ஐயா. கடன்காரி வீட்டுக்குள்ளேதானே இருக்கிறாள். வண்டியும் கிளம்பாது.