இரண்டு பள்ளத்தாக்கு எலிகள்

பிராங்பேர்ட் எஸ்-பான் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள்.

“எலி குட்டி போடவேணுமெண்டு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான், தங்கச்சி,” என்றார் யாழ்ப்பாணத்து அக்கா. ஆய்வுகூடத்தில் எலிகளைப் பராமரிப்பவராம். பக்கத்தில் இருந்தது சென்னைத் தமிழ் பேசும் ஆராய்ச்சி மாணவி.

“அப்பிடியும் ஒரு குட்டியும் இல்லை. நான் தீனி போட்டது பிழையோ? வேலையை விடுறன் எண்டு கடிதமும் எழுதிப்போட்டன்.”

“ஐயோ அக்கா! நேத்துதான் ரிசல்ட் வந்துச்சு. நீங்க பாத்துக்குற எலிங்களோட அம்மாவுக்கு நாப்பது குரோமோசோம். அப்பா வேற பள்ளத்தாக்குல புடிச்சது. அதுக்குப் பெரும்பாலானது ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு இருபத்திரண்டுதான் இருக்கு.”

“பாக்க ஒரே மாதிரித்தானே இருந்தவை?”

“அதுலதான் நாங்களும் ஏமாந்தோம். கலந்து பொறந்த குட்டிங்க நல்லா வளரும். ஆனா அதுங்களுக்குக் கருமுட்டை உருவாகுறப்போ குரோமோசோம் சரியா பிரியாது, அதான் குட்டி போடல. ஒரு இனம் ரெண்டாகுறது இப்படித்தான் ஆரம்பிக்கும்.”

“அப்ப என்ர பிழை இல்லை?”

“இல்லவே இல்லக்கா.”

அக்கா பையிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

“அப்போ மெழுகுவத்தி?”

“இண்டைக்கும் கொளுத்துவன். ஏலாத காரியத்தைக் கேட்டு அந்த மனுசனைப் பாடாய்ப் படுத்திப்போட்டன்.”