மலையம்மாளின் பூஜ்யங்கள்

— இந்தச் சீட்டுல பூஜ்யம்னா துளிகூடத் தொந்தரவு இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல. நடுவுல எந்த நம்பர் வேணும்னாலும் சொல்லலாம்க்கா. கழுத்து ஆபரேசன் முடிஞ்சு ஒரு வருசம் ஆச்சு. இந்த ஒரு வாரத்துல விரல் நுனி, உதட்டோரம் எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சா?

— பூஜ்யம் போடு தாயி.

— கை கால் பிடிச்சு இழுக்கிறது?

— அதுக்கும் பூஜ்யம்.

— அடிப்பாவி! ஏ மலையம்மா, கட்டுன புருசன் இங்கன உக்காந்திருக்கேன், கூசாமப் பொய் சொல்றியே? நான் ஒண்ணும் சொல்லல சிஸ்டர். முந்தாநாள் கை வெறைச்சு, சட்டி கீழ விழுந்து, வீடெல்லாம் கருவாட்டுக் குழம்பு. பூனை மட்டும்தான் அன்னைக்கு வயிறாரச் சாப்புட்டுச்சு.

— சட்டியில எண்ணெய்ப் பிசுக்கு, வழுக்கிருச்சு. இந்தா, அந்த கவர்மெண்டு டிவியை அமத்துங்க, அப்படியே உங்க வாயையும் அமத்துங்க. சிஸ்டர் கேக்குறது என்னைய.

— பலவேசம் அண்ணே, அக்காவே சொல்லட்டும். கல்யாணம், காட்சின்னு நாலு பேர் இருக்கிற எடத்துக்குப் போகத் தயக்கமா இருக்காக்கா?

— எனக்கென்ன தயக்கம்? பூஜ்யம்.

— நான் ஒண்ணும் சொல்லல. இவ சித்தி மக கல்யாணத்துக்கே போகல. பந்தியில கை கோணிக்கிட்டா யாராச்சும் பாத்துருவாகளாம்.

— சரி, கையை மேல தூக்கி வேலை பாக்க முடியுதாக்கா?

— முடியாம? திங்கக்கெழமை திராட்சைத் தோட்டத்துக்குப் போறேன். கொடியை வெட்டிவிட்டுக் கவாத்து முடிஞ்சு, இப்பத் தழைஞ்சு கெடக்கு, பந்தல்ல எடுத்துக் கட்டணும். தோட்டக்காரவுகளுக்கு வாக்குக் கொடுத்தாச்சு.

— அதைத்தான் வேணாம்ங்கிறேன். போன கவாத்துக்கு அண்ணாந்து கட்டிக்கிட்டு இருக்கையில ரெண்டு கையும் கூம்பி, வாழைப்பூ மாதிரி நின்னுருச்சு சிஸ்டர். கூட வேலை பாத்த பொம்பளைக பிடிச்சு நீவி விட்டாக.

— ரத்த டெஸ்ட்டு நார்மல்னு வந்துச்சே, அதை மட்டும் சொல்ல மாட்டீக!

— அதான் எனக்கும் புரியலக்கா. ஒவ்வொரு தடவையும் கால்சியம் அவ்வளவு நல்லா வருது. டெஸ்ட்டுக்கு வர்ற அன்னைக்குக் காலையில என்ன செய்வீக?

— என்ன செய்வேன்? குளிச்சு, நல்ல சேலையா ஒண்ணு எடுத்து உடுத்தி, கால்சியம் மாத்திரையில ரெண்டு கூடப் போட்டுக்கிட்டு பஸ் ஏறுவேன்.

— ரெண்டு கூடவா!

— பெரிய டாக்டரைப் பாக்கப் போறோம். நான் பட்டுக் கட்டிக்கிட்டுப் போறப்ப என் ரத்தம் மட்டும் அழுக்குச் சேலையோடயா வரும்?

— நான் ஒண்ணும் சொல்லல சிஸ்டர். இது எனக்கே இப்பத்தான் தெரியும்.

— சிரிப்பு வருது, ஆனா விசயமே இதுதான்! இதைக் கேளுங்களேன், ரொம்ப அழகான ஏற்பாடு. தைராய்டுக்குப் பின்னால அரிசி மாதிரி நாலு சுரப்பி ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுகதான் மடை திறக்கிற ஆளு. எலும்பு இருக்கு பாருங்க, அதுதான் அணை. ரத்தத்துல கால்சியம் இறங்குனா உடனே ஷட்டரைத் தூக்கிவிடும், போதும்னா மூடிரும். அக்காவுக்குத் தைராய்டை எடுக்கையில அந்த நாலும் அடிபட்டுப்போச்சு. அணை நிறையத் தண்ணி கெடக்கு, திறக்க ஆள் இல்ல.

— அப்ப மாத்திரை எதுக்கு?

— அது டேங்கர் லாரி அண்ணே. வந்தா குடம் நிறையும், போயிட்டா காஞ்சிரும். லாரி வாசல்ல நிக்கிற நேரமாப் பாத்து நாங்க ரத்தம் எடுத்திருக்கோம்! அடுத்த தடவை காலை மாத்திரையைக் கையில கொண்டாங்கக்கா, ரத்தம் கொடுத்துட்டு அங்கனயே போட்டுக்கலாம். நிலவரம் தெரிஞ்சா டாக்டர் மாத்திரையை வேளைக்கு வேளை பிரிச்சுத் தருவாக, வைட்டமின் டியையும் கூட்டிக் குறைச்சுப் பாப்பாக. இந்தக் கவாத்துக்கு இல்லாட்டியும் அடுத்ததுக்குக் கை சொன்னபடி கேக்கும்.

— இவ நம்பர் சொல்லாட்டி சிஸ்டர்?

— ரத்தம் நார்மல், சீட்டுல எல்லாம் பூஜ்யம். நல்லாயிட்டாகன்னு மாத்திரையைக் குறைச்சிருவாக.

— கேட்டியாத்தா? இருக்கிற மாத்திரையும் போயிருமாம். உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னத்தைச் செய்வேன்? நம்பரைச் சொல்லு புள்ள.

— மாட்டேன்.

— ஏன்க்கா, தோட்ட வேலை போயிரும்னு பயமா?

— வேலை கெடக்கு வேலை. தாயி, கழுத்துல மாங்காத் தண்டி கழலையோட, படுத்தா மூச்சு முட்டி, உக்காந்தே தூங்குனவ நான். பெரிய டாக்டர்தான் அதை எடுத்து உசுரைக் கொடுத்தாக. ஒவ்வொரு தடவையும் தழும்பைத் தொட்டுப் பாத்து ‘நல்லாருக்கியா மலையம்மா’ன்னு கேக்குறப்ப அவுக முகத்துல ஒரு சந்தோசம் வரும். அந்த முகத்தைப் பாத்து, நீங்க வெட்டுனதுல என் கை போச்சுன்னு சொல்லச் சொல்றியா? என் நாக்கு அழுகிப்போகும்.

— இதை எங்கிட்டக்கூடச் சொல்லலியே...

— உங்ககிட்டச் சொன்னா தேனி வரைக்கும் கேக்கும்.

— அக்கா, இந்தச் சீட்டுல உள்ளதை ஆஸ்பத்திரியிலயே கேட்டிருக்கலாம். நான் எதுக்கு வீடு தேடி வந்தேன்னு நெனைக்கிறீக? டாக்டர்தான் அனுப்புனாக. ‘நான் இல்லாத எடத்துல வச்சுக் கேளு இவாஞ்சலின், என் எதுர்ல யாரும் நிசம் சொல்ல மாட்டாக’ன்னாக.

— அவுகளுக்கு எப்படித் தெரியும்?

— அவுக கூடப்பொறந்த அக்காவுக்கும் இதே ஆபரேசன். செஞ்சது அவுகளேதான். தம்பி மனசு நோகும்னு அந்தம்மா எப்பக் கேட்டாலும் நல்லாருக்கேன்னே சொன்னாக. அதை நம்பி இவுக மாத்திரையைக் குறைச்சாக. ஒருநாள் அடுப்படியில வலிப்பு வந்து விழுந்துட்டாக.

— ஐயோ ஆத்தா! இப்ப எப்படி இருக்காக?

— இப்பவா? தம்பியைத் திட்டிக்கிட்டே நம்பர் சொல்றாக. மாத்திரை அளவு சரியாகி, கை இழுக்காம மறுபடி பூ கட்டுறாக. டாக்டருக்குத்தான் இன்னும் ஆறல. ‘என்னைய நோகாமப் பாத்துக்கிட்டு இன்னும் எத்தனை பேர் இருக்காகளோ’ன்னு சொல்லிச் சொல்லித்தான் எங்களை ஊர் ஊரா அனுப்புறாக.

— பென்சில்லதான எழுதியிருக்க? எல்லாத்தையும் அழி தாயி. வெரலுக்கு எட்டு, போடு.