புருவத்தில் ஒரு தழும்பு

வள்ளியம்மை: முருங்கைக்காயைக் கீழ வைங்க. சாம்பாருக்கு நறுக்கச் சொன்னா பல்லுக்குச்சி செஞ்சு வச்சிருக்கீங்க.

கலியமூர்த்தி: இந்த டெல்லியில ஐ.என்.ஏ. மார்க்கெட் பூரா தேடி வாங்கினது. புருஷனை மரியாதையாப் பேசு.

வள்ளியம்மை: மரியாதைதான்! கலியமூர்த்தி சார், கத்தியைக் குடுங்க. உங்க நினைப்பு இங்க இல்ல.

கலியமூர்த்தி: எனக்கென்ன? நாளைக்கு ஹைகோர்ட்டுல நிக்கப் போறது நீ.

வள்ளியம்மை: நான் நின்னுக்கிறேன்.

கலியமூர்த்தி: அவன் அப்பீல் பண்ணி, உன்னை மறுபடி விசாரிக்க வச்சுட்டா ஆச்சா? ஜட்ஜ் ஒண்ணுதான் கேப்பாரு. அன்னிக்கு அந்தப் பஸ் ஸ்டாப் சந்துல, உன்னை... வந்து...

வள்ளியம்மை: பலாத்காரம் பண்ணினவன். சொல்லுங்க. ரெண்டு வருஷமா அந்த வார்த்தையை முழுங்குறீங்க.

கலியமூர்த்தி: ...அவன் இவன்தானான்னு கேப்பாரு. ஆமான்னுட்டு ஜல்தி வந்துடு.

வள்ளியம்மை: உள்ள இருக்கிறவரோட வக்கீல் இன்னொண்ணும் கேப்பாராம். ஜெயில்ல பத்துப் பேரை வரிசையா நிக்க வச்சு, என்னைத் தொட்டுக் காட்டச் சொன்னாங்களே... அதுக்கு முன்னாடியே யாராவது எனக்கு அடையாளம் சொன்னாங்களான்னு.

கலியமூர்த்தி: யாரும் சொல்லலன்னு நானே கோர்ட்டுல சத்தியம் பண்ணியிருக்கேனே!

வள்ளியம்மை: ஏங்க...

கலியமூர்த்தி: ம்?

வள்ளியம்மை: யாரும் பாக்கக் கூடாதுன்னு அவர் மூஞ்சியில துணி கட்டியிருந்தாங்க. டீ குடிக்க அதை அவுத்தப்ப போலீஸ் ஸ்டேஷன்ல பாத்துட்டு வந்து, "புருவத்துல தழும்பு இருக்கும்"னு என்கிட்ட சொன்னது யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?

கலியமூர்த்தி: மெதுவாப் பேசு! ...பத்து மூஞ்சியையும் நீ உத்து உத்துப் பாக்க வேணாமேன்னுதான் சொன்னேன். போனதும் தொட்டுட்டு ஓடி வந்துடலாமேன்னு...

வள்ளியம்மை: தெரியும். நான் வெளிய வர்றப்ப ஜெயில் கேட்டுல ஆரஞ்சு உரிச்சு வச்சுக்கிட்டு நின்னீங்க.

கலியமூர்த்தி: இப்ப அதைச் சொன்னா பொய்ச் சத்தியம் பண்ணினதுக்கு என் ஆபீஸ் வேலை போயிடும் வள்ளி. என்னையும் உள்ள தள்ளிடுவாங்க.

வள்ளியம்மை: அவர் ரெண்டு வருஷமா அங்கதானே இருக்காரு.

கலியமூர்த்தி: அவராம், அவரு! ...சரி விடு. நான் சொல்லாட்டியும் நீ அவனைத்தான் தொட்டிருப்பே. அதானே? ...வள்ளி? அதானே?

வள்ளியம்மை: சந்துல நான் யார் மூஞ்சியையும் பாக்கலங்க. பின்னாலேருந்து சால்வையைப் போட்டு என் தலையை மூடிட்டான். பாத்தேன்னு போலீஸ்ல சொன்னது... அவனைப் பிடிக்கிற வரைக்கும் சோறு வேணாம்னு நீங்க நாலு நாளாப் பட்டினி கெடந்தீங்களே, அதான்.