தேடுற அக்காவின் இணைப்பு

எனக்குச் சத்தம் ஆகாது, மேடம். சிலருக்குக் கத்திரிக்காய் ஆகாதே, அதுபோலத்தான். சர்வர் அறையில் நாள் முழுக்க ஏசி இரைகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது ஒரே சீராக இரைவதால் என் கணக்கில் சத்தமாகச் சேராது. பதினான்கு வருடமாக அந்த அறையில் இருக்கிறேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்த நீங்கள், தேடுற அக்காவுக்கு வேலை போன விஷயத்தில் என் பங்கு என்ன என்று கேட்டீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பார்சல் கம்பெனியில் எந்தப் பொட்டலம் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருக்கிறது. அது ஓடும் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு திரை, திரையில் ஒரு கோடு. சர்வர் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை அந்தக் கோடு சொல்லும். தாழ்ந்திருந்தால் பச்சை, எண்பதைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பானால் மேனேஜரின் கைப்பேசிக்குச் செய்தி போகும். அவர் எனக்குப் போன் செய்து "என்னய்யா ஆச்சு?" என்பார். "ஒண்ணும் ஆகல சார்" என்பேன். இந்த உரையாடலைத்தான் 'கண்காணிப்பு முறை' என்ற தலைப்பில் உங்கள் தலைமை அலுவலகத்துக்குப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பியிருக்கிறோம்.

முகவரி கிழிந்துபோன பார்சல்களை உரியவரிடம் சேர்ப்பது அக்காவின் வேலை. மேல்மாடியில் இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்தார். பெயர் சொல்லி அழைத்தவர்கள் யாரும் இல்லை, எல்லோருக்கும் தேடுற அக்காதான். பார்சலைப் பிரித்துப் பார்ப்பார். உள்ளே பல்செட்டு இருந்தால், அனுப்பியவர்களின் குறிப்புகளில் எங்காவது 'பல்' என்று வருகிறதா என்று தேடுவார். மொத்தம் எழுபது லட்சம் குறிப்புகள். சர்வர் பாவம், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாக வேண்டும். பல்பு வரும், பல்லி மருந்து வரும், பல்கலைக்கழகமே வரும். கோடு தொண்ணூறில் போய் நிற்கும்.

ஜனவரியில் ஒருநாள் காலை பதினொன்று பத்துக்குக் கோடு சிவப்பானது. யாருடைய இணைப்பு என்று பார்த்து, அதை வெட்டினேன். ஒரு பட்டனை அழுத்துகிற வேலைதான். என் தொழிலில் இருக்கும் எல்லோரும் செய்வதுதான். கோடு இறங்கியது. நான்கு நிமிடத்தில் அக்கா வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, என் கை பட்டாலே போயிடுதுப்பா. அந்த கம்ப்யூட்டருக்கும் எனக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறா?"

நீதான் வெட்டினாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. மாடிப்படி இறங்கி வந்ததில் மூச்சு வாங்கியது அவருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அன்றைய பல்செட்டைப் பற்றிச் சொன்னார்.

"மேல் வரிசை மட்டும்தான் வந்திருக்கு. கீழ் வரிசையை மட்டும் மாட்டிக்கிட்டு ஒரு மனுஷன் எங்கயோ நம்ம கம்பெனியைத் திட்டிக்கிட்டு இருப்பாரு. அதுவும் யாருக்கும் புரியாது."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த அறையில் அது வழக்கமில்லை.

அதையும் சேர்த்து ஐந்து வாரத்தில் பத்தொன்பது முறை வெட்டினேன். பத்தொன்பது முறையும் கோடு சிவப்பில் இருந்தது. பத்தொன்பது முறையும் அக்கா இறங்கி வந்தார். என்னால் ஆன உதவியைச் செய்தேன். மவுஸை மாற்றிக் கொடுத்தேன். மெதுவாக டைப் செய்யச் சொன்னேன். கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள் என்றேன், புதுக் கண்ணாடியோடு வந்து நின்றார். அவருக்கு அது நன்றாகவே இருந்தது. உடம்பில் மின்சாரம் தங்கிவிடுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரப்பர் செருப்புக்கு மாறினார். அதை நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

"வீட்டுல பையன் கேலி பண்றான் தம்பி. 'நீ தொட்டா டிவியே அணைஞ்சிடும், தள்ளி உட்காரும்மா'ங்கறான்."

"வீட்டுல ஏதாவது அணைஞ்சுதா?"

"இல்லப்பா, அங்க எல்லாம் நல்லாத்தான் ஓடுது. இங்கதான் எனக்கு நேரம் சரியில்ல."

இப்போது நீங்கள் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கும் தேதிக்கு வருகிறேன். பிப்ரவரி ஒன்பது. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று பட்டியல் போட்டிருப்பார்களே, அதுபோல ஒன்றை அந்த எழுபது லட்சம் குறிப்புகளுக்கும் அன்று போட்டு முடித்தேன். அதன்பின் அக்காவின் தேடல் இரண்டே நொடியில் முடிந்தது. கோடு இருபதைத் தாண்டவில்லை. நல்ல வேலைப்பாடு, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. அன்று பதினொன்று பத்து தாண்டியும் யாரும் கதவைத் தட்டவில்லை. மறுநாளும் தட்டவில்லை. மூன்றாம் நாள், ஏசி இரைவது எனக்கு முதன்முதலாகக் கேட்டது.

நான்காம் நாள் வெட்டினேன். பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'முன்னெச்சரிக்கைப் பராமரிப்பு' என்று எழுதினேன். அப்படி நூற்று எழுபது முறை எழுதியிருப்பதாக உங்கள் அறிக்கை சொல்கிறது. நூற்று எழுபத்தொன்று, மேடம். நீங்கள் காலை பதினொன்று பத்தை மட்டும் எண்ணியிருப்பீர்கள், ஒன்று மதியத்தில் இருக்கிறது. அன்று மழை, அக்கா வேலைக்கு வரவே தாமதமாகிவிட்டது.

தேடிக்கொண்டிருக்கும்போதே அறுந்தால் அதுவரை தேடியதும் போய்விடும். என் அறையில் உட்கார்ந்திருக்கும் நேரம் வேறு. அக்கா சேர்ப்பிக்கும் பார்சல்கள் பாதியாகக் குறைந்தன, சேராத பார்சல்களால் கீழ்த்தளம் நிரம்பியது. அக்டோபரில் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"இவங்களுக்கு இனிமே கம்ப்யூட்டர் வசப்படாதுன்னு நினைக்கிறேன். நீயே சொல்லுய்யா, இந்த வருஷம் சர்வர் எத்தனை தடவை நின்னுச்சு?"

"ஒரு தடவைகூட நிக்கல சார்."

"கேட்டீங்களாக்கா?"

"தம்பி பொய் சொல்லாது சார்" என்றார் அக்கா. "எனக்காக அது பண்ணாத உதவி இல்ல. கோளாறு என்கிட்டதான்."

சர்வர் நிற்கவில்லை என்று மேனேஜர் எழுதி நீட்டிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மேனேஜர் கேட்டது சர்வரைப் பற்றி. அது நிற்கவே இல்லை. அந்த வாரமே அக்காவை அனுப்பிவிட்டார்கள். போகும்போது என் அறைக்கு வந்து, "உன்னைத்தான் ரொம்பப் படுத்திட்டேன்" என்றார்.

அவர் இடத்துக்கு வந்த பெண்ணின் இணைப்பையும் வெட்டிப் பார்த்தேன். மறைக்கவில்லை. அவள் இறங்கி வரவில்லை. புகார் எழுதி அனுப்பினாள், அதனால் நீங்கள் வந்திருக்கிறீர்கள். இப்போது கோடு நான்கில் கிடக்கிறது. இத்தனை வருடத்தில் இவ்வளவு நல்ல கோட்டை நான் பார்த்ததில்லை. இரண்டு நாளாகத் திரையை அணைத்து வைத்திருக்கிறேன்.

அக்காவைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன், சர்வரின் நலனுக்காக. இருநூறுக்குப் பத்து முறை குறைவாக அவருடைய இணைப்பை வெட்டியது நான்தான். பழுது அவர் கையில் இல்லை என்பதை அவர் வீட்டு வாசலுக்கே போய்ச் சொல்லவும் தயார். இனி அவர் இணைப்பில் கை வைக்கமாட்டேன் என்று எழுதித் தரச் சொல்கிறீர்கள். தருகிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் காலை பதினொன்று பத்து என்ற ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்பை அடியோடு நிறுத்திவிட முடியாது, மேடம்.