தண்ணிக்கு இந்தப் பக்கம்

– எவ்வளவு தண்ணியெண்டு கேட்டனான், அண்ணை. நீங்கள் வானத்தைப் பற்றிச் சொல்லுறியள்.

– அதைத்தான் பேர்ணடெற் விளங்கப்படுத்திறன். இஞ்சை மழையே இல்லை, வெயில் எறிக்குது. முந்தநாள் மேல எங்கையோ பெய்தது இப்பதான் இறங்கி வருது. ரோட்டுக்கு மேலால ஓடுது, அவ்வளவுதான்.

– அளவுப் பலகை ஒண்டும் இல்லையோ?

– கிடக்கு. அரை மீற்றரைத் தாண்டி நிக்குது. ஆனா வாகனம் உயரம், விளங்குதோ. கிளினிக்கின்ரை போர்வீல் ஜீப். நேர்ஸ்மார் நாங்கள் இதிலைதான் குயின்ஸ்லாந்துக் காடெல்லாம் திரியிறது.

– ஆர் உங்களோடை?

– தனியத்தான். கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒரு மாடு கூட இல்லை. இதைத் தாண்டினா பின்னேரம் ஏர்போட். பிளேன் பிடிச்சா நாளைக்கு இரவு ரொறொன்ரோவில நிப்பன்.

– தாண்டாட்டி?

– மூண்டு நாலு நாள் கிடக்கோணும். எனக்கு அப்பாவின்ரை முகத்தைப் பாக்கோணும், பேர்ணடெற்.

– பாக்கலாம்.

– தண்ணி வடியுமட்டும் இருப்பாரே?

– நீங்கள் வருமட்டும் இருப்பார். அது என்ரை பொறுப்பு.

– பின்னால என்ன சத்தம்? இந்தச் சற்றலைற் போன் விட்டு விட்டுத்தான் கேக்குது.

– ஆக்கள் வந்திருக்கினம், அப்பாவுக்காக. வெக்ஸ்போர்ட் பக்கத்துத் தமிழ்ச்சனம் முழுக்க எங்கடை அப்பாட்மென்ரிலதான். பக்கத்து வீட்டு அன்ரனெற் தேத்தண்ணி ஊத்திறாள். நில்லுங்கோ, பல்கனிக்கு வாறன். ஓம், சொல்லுங்கோ. தண்ணி என்ன நிறம்?

– தேத்தண்ணி நிறம்தான்.

– அடியில ரோட்டுத் தெரியுதோ?

– இல்லை.

– அப்ப ரோட்டு இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?

– கிழமைக்கு ரெண்டு தரம் போற ரோட்டு, பிள்ளை. போன கிழமையும் இதாலதான் போனனான்.

– போன கிழமை இருந்தது. சரி, கிட்டக் கிடக்கிற தடியொண்டை எடுத்து எறியுங்கோ.

– என்னத்துக்கு?

– எறிஞ்சுபோட்டுச் சொல்லுங்கோ.

– எறிஞ்சிட்டன்.

– எங்கை இப்ப?

– காணேல்லை. வேலிக் கட்டையில ஒருக்காத் தட்டினது, பிறகு காணேல்லை.

– அந்த இழுவைக்குள்ள கால் வைச்சு நிப்பியளோ?

– நடந்து ஆர் போறது? பாரமான வாகனம், விளங்குதோ. சும்மா அசையாது.

– இஞ்சை டொன் வலி ரோட்டுக்குத் தண்ணி வந்த அண்டைக்கு என்ரை மோன் அபிஷனும் உப்பிடித்தான் நினைச்சவன். முதல்ல பின்சில்லு மிதந்ததாம். பிறகு ஸ்ரியறிங் சும்மா சுத்தினதாம், விளையாட்டுக் கார் மாதிரி. கதவைத் தள்ளிப் பாத்திருக்கிறான், திறக்கேல்லை. யன்னலால ஏறிக் கூரையில குந்தியிருந்தவன். தீயணைக்கிற ஆக்கள் வள்ளத்தில வந்து இறக்கினவை. அது ரொறொன்ரோவுக்கு நடுவில. உங்கை ஆர் வாறது?

– ஒருத்தரும் வராயினம்.

– ஓம்.

– முன்சில்லை மட்டும் மெதுவா இறக்கிப் பாக்கட்டே?

– வேண்டாம்.

– நீ அங்கை இருந்து வேண்டாம் எண்டுறாய். நான் இஞ்சை நிண்டு பாக்கிறன். அந்தக் கரை அப்பிடியே தெரியுது. குரல் குடுத்தாக் கேக்கிற தூரம்.

– தெரியிறது கரை. தெரியாதது நடுவில கிடக்கு. ரோட்டை முழங்காலளவு வெட்டிக்கொண்டு போயிருந்தாலும் உங்களுக்கு மேல இருந்து விளங்காது. உள்ளுக்க போன பிறகுதான் விளங்கும்.

– அப்பா இப்ப என்ன செய்யிறார்?

– படுத்திருக்கிறார்.

– நோ இருக்கோ?

– இப்ப நோ இல்லை.

– என்னைக் கேட்டவரோ?

– நேற்றுக் கேட்டவர். எங்கை நிக்கிறானாம் எண்டு. வெளிக்கிடப்போறார் எண்டு சொன்னன். ஆறுதலா வரட்டாம்.

– அப்பா அப்பிடிச் சொல்லுற ஆளில்லை. கோயில் மணி அடிக்க முதலே கோயிலுக்குள்ள நிக்கோணும் அவருக்கு.

– வயசு போக ஆக்கள் மாறுகினம், அண்ணை.

– வேறை என்ன சொன்னவர்?

– பாணும் சம்பலும் கேட்டவர். குடுக்கேலாதெண்டு நேர்ஸ் சொல்லிப்போட்டா. என்ரை மோனும் நேர்ஸ்தான், அவன் வந்து தருவான் எண்டு தமிழில சொல்லிப்போட்டுத் திரும்பிப் படுத்திட்டார். அவ எங்களைப் பாத்துச் சிரிக்கிறா.

– இன்னும் சொல்லு.

– முதல்ல வாகனத்தைத் திருப்புங்கோ. போனை வையாதேங்கோ, சீற்றில போட்டிட்டுத் திருப்புங்கோ. கரை அடியில அரிச்சிருக்கும், ஓரத்துக்குப் போகாதேங்கோ.

– சரி.

– அண்ணை? அண்ணை, கேக்குதோ?

– கேக்குது. திருப்பிட்டன். மேட்டுக்கு வந்து நிப்பாட்டிட்டன். தண்ணி இப்ப கண்ணாடிக்குள்ளதான் தெரியுது.

– எஞ்சினை நிப்பாட்டினியளோ?

– ஓம்.

– குடிக்க, சாப்பிட ஏதும் கிடக்கோ?

– கிடக்கு. கலன் நிறையக் குடிதண்ணி இருக்கு.

– அப்ப கேளுங்கோ. உந்தத் தண்ணிக்கு முன்னால வைச்சுச் சொல்ல மனமில்லாமல் இருந்தனான். அப்பா இண்டைக்கு விடிய மோசம் போயிட்டார். நித்திரையிலதான். நீங்கள் வராமல் எடுக்கமாட்டம், அண்ணை.

– தெரியும், பேர்ணடெற். பெற்றோல் அடிச்ச இடத்தில அபிஷன்ரை மெசேஜ் வந்தது. நீ சொல்லச் சொல்ல அவர் இருக்கிற மாதிரிக் கிடந்தது. அதுதான் கேட்டுக்கொண்டு நிண்டனான்.