வீட்டுத் தனிமை

ஹலோ... ஹலோ, மாதேஷ் தம்பிங்களா? நான் மத்திகிரி ஆஸ்பத்திரி நர்ஸு பொற்கொடி பேசறேன்... ஆமா, ஆமா, கொரோனா விசயமாத்தான். பாசிட்டிவ்னு நேத்து சொன்னோமே, காய்ச்சல் எப்படி இருக்குது?... சரி. வீட்லதான இருக்கறீங்க?... கதவ சாத்திக்கிட்டு?... நல்லது.

காலையிலிருந்து இதையே கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன பொற்கொடி, அடுத்த நம்பருக்குப் போகப் பார்த்தாள். அப்போது போனுக்குள் விசில் கேட்டது.

தம்பி, ரூம்ல விசில் அடிக்கறது யாரு?... குக்கரா?... சரி. குக்கரு "ஜூஜூவாடி எறங்கறதெல்லாம் முன்னால வா"ங்குதே?

... ம்... ம்... அத்திப்பள்ளிக்கா? எதுக்கு?... ஓ... எப்ப பொறந்துச்சு?... பொண்ணா! ரொம்ப சந்தோசம் தம்பி. எறங்குங்க.

... தூரமா நின்னு பாக்கறீங்களா? தூரமா நிக்கறதுக்கா பஸ்ஸேறிப் போறீங்க?... மாமியா கோவிச்சுக்குவாங்கன்னா கோவிச்சுக்கட்டும்... இருங்க, இருங்க. சம்சாரம் ஊசி போட்டிருக்கறாங்களா?... மாசமா இருந்ததால பயந்துட்டாங்க. சரி. நீங்க ரெண்டு ஊசி போட்டீங்க, வெறும் காய்ச்சலோட போச்சு. அவங்களுக்கும் அப்படியே போயிரும்னு நான் சொல்ல மாட்டேன்.

போனில் பஸ் பிரேக் போடும் சத்தம் கேட்டது. போன அலையில், பெற்ற பிள்ளையின் முகம் பார்க்காமலே போய்ச் சேர்ந்த ஒருத்தி பொற்கொடியின் நினைவுக்கு வந்தாள். அதை அவள் சொல்லவில்லை.

ஹலோ... தம்பி?... எறங்கிட்டீங்களா? எங்க?... ஜூஜூவாடி ஸ்டாப்லயா? கும்பல்ல நிக்காதீங்க, அப்படி ஓரமா போங்க. வண்டி அனுப்பறேன்... பஸ்ல பக்கத்துல யார் ஒக்காந்திருந்தா?... யாருமில்லையா?... மாஸ்க்கு?... எறக்கவே இல்லையா. அது நல்லது. கண்டக்டருக்கு நாங்க சொல்லிக்கறோம்.

... தெரியும் தம்பி. தெரியும். ஒரு வாரம் போவட்டும், அப்புறம் மடியிலயே வெச்சுக்குங்க. இப்ப சம்சாரத்துக்கு வீடியோ கால் போடுங்க... என்ன தம்பி, அழுவறீங்களா?... அழுங்க, அழுங்க. மாஸ்க்க மட்டும் கழட்டிராதீங்க... ஹலோ?

லைன் கட்டாகிவிட்டது.

எந்த ஓரமாக நிற்கிறான் என்று கேட்க மறுபடி கூப்பிட்டாள். பிஸி. திரும்பவும் பிஸி. ஆம்புலன்ஸ் டிரைவர் மூர்த்திக்குப் போட்டாள்.

ஹலோ, மூர்த்தி அண்ணா... ஜூஜூவாடி ஸ்டாப்ல ஒரு ஆளு நிக்கறாரு, ஏத்திக்கிட்டு வரணும்... இல்ல, இல்ல, சீரியஸ் எல்லாம் இல்ல. கொஞ்சம் மெதுவாவே போங்க.