ஆறாம் சானல்

எங்கள் காலனியில் வைஃபை ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை, இன்ஸ்பெக்டர் சார். திருவரங்குளம் சாலையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வீட்டுக்கொரு ரவுட்டர், எல்லாம் ஒரே சானலில், அதாவது ஒரே அலைவரிசையில், முட்டிக்கொண்டு கிடந்தன. நலச்சங்கச் செயலாளர் என்ற முறையில் ஒன்று, ஆறு, பதினொன்று எனப் பிரித்துக் கொடுத்தேன். ஆறு எனக்கு. அடுத்த வீட்டு சாரா உம்மாள் மட்டும் ஆறை விட்டு நகரவில்லை.

"மவன் வச்சுட்டுப் போனது தம்பி, நான் தொடமாட்டேன்" என்றார்.

மகன் இக்பால் குவைத்தில் இருக்கிறான். முன்பொரு முறை அந்த அம்மா வழுக்கி விழுந்ததிலிருந்து, அந்த ரவுட்டரில் ஓடும் கேமரா வழியாகப் பார்த்துக்கொள்கிறான்.

ஞாயிறு காலைகளில் குடுமியான்மலை இசைக் கல்வெட்டு பற்றி இணையத்தில் உரையாற்றுகிறேன். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆய்வாளனுக்கு அந்த விலகல் தேவை. ஆறில் இரண்டு ரவுட்டர் மோதியதில் உரை விட்டு விட்டுப் போயிற்று.

"கம்ப்யூட்டர்ல ஒரு கேபிளச் செருகுங்க மாமா, சோலி முடிஞ்சுச்சு" என்றாள் எதிர்வீட்டுக் காவ்யா. அடுத்த வீட்டார் விதியை மீற, செயலாளர் கேபிள் செருகுவதா?

அவசரத்துக்கென்று சாரா உம்மாள் மாற்றுச்சாவியை என்னிடம்தான் தந்திருந்தார். அவர் குளிக்கப் போனதும் உள்ளே சென்று ரவுட்டரை அணைத்தேன். கேமராவில் கடைசியாகப் பதிந்திருப்பது என் முகம்தான். கோபம் தெரிகிறதா, பாருங்கள்.

அன்று உரை தடங்கலின்றிப் போனது. இடையில் குளியலறைப் பக்கச் சுவரைத் தட்டும் சத்தம். "தம்பி" என்றும் கேட்டது. என் மைக்கில் இரைச்சலை வடிகட்டும் வசதி உண்டு, நேயர்களுக்குத் தொந்தரவில்லை.

உரை முடியுமுன் இக்பால் கூப்பிட்டான், மைக்கை அணைத்துவிட்டு எடுத்தேன். "அண்ணே, கேமரா வரல. உம்மா போனும் எடுக்கல. சாவி ஒங்ககிட்டதான இருக்கு, கொஞ்சம் பாத்துட்டு வாரீங்களா?"

"கரண்டு இல்லப்பா. இப்பத்தான் பேசிட்டு வந்தேன், நல்லாத்தான் இருக்காங்க."

கல்வெட்டின் கடைசிப் பகுதிக்கு வந்திருந்தேன். பாதியில் எழுந்தால் நன்றாகவா இருக்கும்?

அடக்கத்துக்கு வந்து சேர்ந்த இக்பால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பத் துடிச்சிருப்பாங்களாண்ணே?" என்றான்.

"இல்லப்பா, ரொம்ப நேரம் கஷ்டப்படல" என்றேன்.

அவனிடம் அதை மட்டும் நான் பொய்யாகச் சொல்லவில்லை. நன்றியுரைக்கு முன்பே தட்டுவது நின்றுவிட்டது.